மணிக்கட்டு வரை

என் அக்கா சினிமாவில் நடித்தவள். மணிக்கட்டு வரைக்கும்தான் நடித்தாள். அதற்கு மேலே இருந்த அக்காவை எந்தக் காமிராவும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை. அந்த ஒரு சாண் கையால் நாங்கள் இரண்டு பேரும் ஏழு மாதம் செத்துச் செத்துப் பிழைத்தோம்.

படங்கள் வாய் திறந்து பேசாத காலம். நாங்கள் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை பார்த்தோம். அக்காவுக்குக் கஞ்சி போடும் வேலை. கொதிக்கிற அண்டாவிலிருந்து கரண்டியில் கொஞ்சம் எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்து, இது காலருக்கு, இது மேஜை விரிப்புக்கு என்று பதம் சொல்லுவாள். சொன்னால் சொன்னதுதான். அதனால் கூடத்தில் அவளுக்குக் கஞ்சியக்கா என்று பெயர். நான் பக்கத்து மேஜையில் காலர் தேய்ப்பவள். என்னைச் சின்னவள் என்பார்கள். எங்கள் துணி வண்டியை ஓட்டியவர் அக்காவின் கணவர், என் அத்தான். தெருமுனைக்கு வந்ததும் வண்டியில் தொங்கும் பித்தளை மணியை மூன்று தரம் அடிப்பார். வீடுகளிலிருந்து அழுக்கு மூட்டையோடு ஆட்கள் வெளியே வருவார்கள். எங்கள் இருவருக்கும் அந்தச் சத்தம் கேட்டதும் முதுகு தானாக நிமிர்ந்துவிடும்.

அத்தானுக்கு நாங்கள் பயப்பட்டோம். இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. அவர் கையை ஓங்கியவர் இல்லை. குடிக்க மாட்டார். ஒரு கெட்ட வார்த்தை அவர் வாயில் வராது. அவரைப் போல நல்ல மனிதர் உண்டா என்று தெருவே சொல்லும். அந்த நல்ல மனிதர் வீட்டில் ஒரு முறை செருமினால் போதும், அக்கா கையில் இருக்கிற பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, என்ன தப்புச் செய்தோம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவாள்.

காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் இரண்டு அறை மாடி வீட்டில் முன்பு அத்தானின் தங்கை இருந்தாள். ஒரு நாடகத்தில், எஜமானிக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும் வேலைக்காரியாக, ஒரே ஒரு நாள் மேடை ஏறினாள். பேச ஒரு வார்த்தை கூடக் கிடையாது. மறுநாள் காலையில் அவளுடைய பெட்டி மாடிப்படிக்குக் கீழே இருந்தது. அத்தான் சத்தம் போடவில்லை. "நாலு பேர் பாக்க நின்னவ எனக்குத் தங்கச்சி இல்ல" என்றார், முடிந்தது. அதற்குப் பிறகு இரண்டு முறை அவள் வந்து படிக்குக் கீழே நின்றாள். தெருவிளக்குக் கம்பத்தைத் தாண்டுவதுபோல அத்தான் அவளைத் தாண்டி மேலே வந்தார். அப்புறம் அவள் வரவில்லை. எங்கே போனாள் என்று இன்றுவரைக்கும் தெரியாது. அப்பா அம்மா போனபின் நான் அக்காவோடு வந்து ஒட்டிக்கொண்டபோது, எனக்குக் கொடுத்தது அவள் படுத்திருந்த கட்டில்.

ஊருக்கு வெளியே ஒரு பழைய கிடங்கை வாங்கி, கூரையைப் பிரித்துக் கண்ணாடி போட்டு, ஒரு கம்பெனி படம் எடுத்துக்கொண்டிருந்தது. காதல் படம். மாளிகை வீட்டுப் பிள்ளை, தன் வீட்டுத் துணி துவைக்கிற பெண்ணிடம் மனதைப் பறிகொடுக்கிறான். நிஜத்தில் அந்த மாதிரிப் பிள்ளைகளின் சட்டைக் காலரை வருஷக்கணக்காகத் தேய்த்தவள் நான். ஒருத்தனும் எதையும் பறிகொடுத்து நான் பார்த்ததில்லை, பொத்தானைத் தவிர.

நாயகனின் சட்டைகள் எங்கள் கூடத்துக்குத்தான் வந்தன. கண்ணாடிக் கூரைக்குக் கீழே நின்றால் அரை மணியில் வேர்த்து, அக்கா போட்ட கஞ்சியே தளர்ந்துவிடும். அதனால் எங்கள் முதலாளி எங்கள் இரண்டு பேரையும் இஸ்திரிப் பெட்டியோடு அங்கேயே அனுப்பினார். அத்தான் ஒப்புக்கொண்டார், கட்டளையோடு.

"பின்னாடி கொட்டகையில நின்னு தேய்ங்க. மூணு மணிக்கு வண்டியோட வந்து கூட்டிட்டுப் போறேன். நடுவுல அவங்க படம் புடிக்கிற பக்கம் தலை வச்சும் படுக்கக் கூடாது."

"சரிங்க" என்றாள் அக்கா.

மூன்று நாள் தலை வைத்துப் படுக்கவில்லை. நாலாம் நாள் அந்தப் பக்கமே எங்களைத் தேடிக்கொண்டு வந்துவிட்டது.

அன்றைக்கு எடுத்த காட்சி இதுதான். துவைக்கிற பெண் விரிப்புகளைக் கொடியில் உலர்த்துகிறாள். மாளிகைப் பிள்ளை வந்து, அவளுடைய ஈரக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொள்கிறான். காமிரா கிட்டே வந்து அந்தக் கையையும் கன்னத்தையும் மட்டும் எடுக்க வேண்டும். துவைக்கிற பெண்ணாக நடித்தவள் பத்து வேலைக்காரர்கள் உள்ள வீட்டுப் பெண். நாங்கள் அவளுக்குப் பட்டுக்கை என்று பெயர் வைத்திருந்தோம். டைரக்டர் காமிராவுக்குள் பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

"இது துணி துவைக்கிற கையா? மோதிரம் போட்டுக்கிற கை! இந்தக் கை தண்ணியையே பாத்ததில்ல!"

அவர் போட்ட சத்தம் கொட்டகை வரைக்கும் கேட்டது. அடுத்த நிமிஷம் அவரே வந்து நின்றார். என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். போதுமான அளவு கெட்டுப்போகவில்லையாம். எனக்குக் கோபம்கூட வந்தது. அக்காவின் கையைப் பார்த்ததும் அவர் கண் விரிந்தது. வீங்கின கணுக்கள், கஞ்சி உரித்த தோல், ஒட்ட வெட்டின நகம். கட்டைவிரலுக்குக் கீழே, எப்போதோ ஆவி அடித்த ஒரு பழைய தழும்பு, அவரை விதை அளவு, வெளிறின சிவப்பு. தேடினால்தான் தெரியும்.

"இந்தக் கை வேணும்" என்றார், கடையில் கத்தரிக்கோல் கேட்பதுபோல.

அக்கா கையை இழுத்துக்கொண்டாள். "ஐயா, என் வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா..."

"முகம் வராதும்மா. மணிக்கட்டு வரைக்கும்தான். கையில என்ன உன் பேரா எழுதியிருக்கு?"

"வேண்டாங்கய்யா."

"உங்க முதலாளிகிட்ட நான் பேசிக்கட்டுமா?"

மெதுவாகத்தான் கேட்டார். பெரிய இடத்துக்காரர்கள் மெதுவாகக் கேட்டால் அது கேள்வி இல்லை. கூடத்துக்கு வருகிற மூட்டையில் பாதி இந்தக் கம்பெனி மூட்டை. அக்கா என்னைப் பார்த்தாள். அந்த நேரம் நான் 'அக்காவுக்கு உடம்பு சரியில்லை' என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்: "கையைத்தானே கேக்கறாங்க, தலையையா கேக்கறாங்க? போக்கா." அந்த நாக்கை இழுத்துவைத்து அறுக்கலாம் போல இன்றைக்கும் வருகிறது.

கொடியில் தொங்கிய விரிப்புக்குப் பின்னால் அக்காவை நிறுத்தினார்கள். பட்டுக்கை போட்டிருந்த மாதிரியே ஒரு சட்டையின் கையை மட்டும் அவளுக்கு மாட்டினார்கள். முகத்துக்குப் பூச்சுப் பூசுகிறவர் ஒருவர் இருந்தார், நாடகமேடையிலிருந்து புதிதாக வந்தவர். அவர் தழும்பைக் கவனித்தார். "ஒரு நிமிஷம்" என்று சொல்லி, டப்பியிலிருந்து சிவந்த பூச்சு ஒன்றை எடுத்து அதன்மேல் தடவினார். தோல் நிறத்தோடு நிறமாகத் தழும்பு காணாமல் போயிற்று. மேடைக்கு அது சரி. ஆனால் காமிராவுக்குச் சிவப்பு என்றால் என்ன ஆகும் என்று அந்த மனிதருக்குத் தெரியாது. காமிராக்காரர் அந்தப் பக்கம் கைப்பிடியைச் சுற்றிச் சரிபார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

நான் விரிப்புக்குப் பின்னால் அக்காவோடு நின்றேன். அவளுடைய கை மட்டும் விரிப்பைத் தாண்டி வெளியே போயிருந்தது. பட்டுக்கை நாற்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். நாயகன் வந்து அக்காவின் கையைப் பிடித்தான், மெதுவாகக் கன்னத்தில் வைத்தான். அக்காவின் கையை அப்படி யாரும் பிடித்ததில்லை. அத்தான் அவள் கையிலிருந்து தட்டை வாங்குவார், சம்பள உறையை வாங்குவார், கையை வாங்கியதில்லை. அக்காவின் முகம் சிவந்தது. அவள் அழகு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்போது வாசல் பக்கம் மணிச் சத்தம். மூன்று தரம். மணி அப்போது இரண்டரைதான்.

அக்காவின் முகத்தில் அந்தச் சிவப்பு வெளிறிப்போனதை நான் பார்த்தேன். ஓடத்தான் பார்த்தாள். கையை அவன் பிடித்திருந்தான். முதலில் விரல் நுனிகள் நடுங்கின. பிறகு கை முழுவதும். அவனுடைய கன்னத்தின்மேல் அது படபடவென்று அடித்துக்கொண்டது.

"அப்படியே! அப்படியே! நிறுத்தாதம்மா!" என்று டைரக்டர் கத்தினார். காமிராவின் கைப்பிடி கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா எதையும் காதில் வாங்கவில்லை. அவளால் நிறுத்தவும் முடியவில்லை. எல்லாம் முடிந்ததும், "என்ன நடிப்பு! இதுதான்யா காதல்!" என்று டைரக்டர் குதித்தார். பட்டுக்கை மரியாதைக்கு இரண்டு தட்டுத் தட்டினாள்.

சட்டைக் கையைப் பிய்த்து எறிந்துவிட்டு, பூச்சைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அக்கா வாசலுக்கு ஓடினாள். பின்னாலேயே நான், இரண்டு இஸ்திரிப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு.

"ஏன் இப்படி மூச்சு வாங்குது?" என்றார் அத்தான்.

"கரி சூடுங்க" என்றாள் அக்கா.

தப்பித்தோம் என்று நினைத்தேன். மூன்று வாரம் கழித்துச் சட்டைகளை ஒப்படைக்க நான் மட்டும் போனபோது, காமிராக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க அக்கா தழும்பு இருக்கே, அது நல்லாக் கறுப்பா விழுந்துடுச்சும்மா. எங்க பிலிமுக்குச் சிவப்பு ஆகாது, கறுப்பாத்தான் தெரியும். நீலத்தைக் காட்டினா வெள்ளைன்னு நினைச்சுக்கும். அந்தப் பூச்சுக்காரன் தழும்பை மறைக்கிறேன்னு அதுமேல மையைத் தடவின மாதிரி பண்ணிட்டான். நான் பாத்திருக்கணும்."

"அப்போ மறுபடியும் எடுப்பீங்களா?" என்றேன்.

"அந்த மாளிகை செட்டையே பிரிச்சாச்சு. டைரக்டர் ஐயா கதையை மாத்திட்டார்."

மாற்றின கதையைக் கேளுங்கள். அந்தக் கறுப்பு இப்போது தழும்பு இல்லை, மச்சமாம். துவைக்கிற பெண் உண்மையில் துவைக்கிற பெண்ணே இல்லையாம். குழந்தையில் காணாமல் போன ஒரு பெரிய பணக்காரரின் மகளாம். கையில் இருக்கும் மச்சத்தைப் பார்த்து அப்பா அவளைக் கண்டுபிடிக்கிறார், கல்யாணம் நடக்கிறது. அதாவது, ஏழைப் பெண்ணைப் பணக்காரன் கட்ட வேண்டுமானால் முதலில் அவளைப் பணக்காரி ஆக்கிவிட வேண்டும். கதை எழுதுகிறவர்களுக்குக்கூட அந்த மாளிகைக்குள் ஒரு நிஜத் துவைக்கிறவளை நுழைய விட மனசு வரவில்லை. இனிமேல் எடுக்கிற காட்சிகளில் பட்டுக்கையின் கையில் தினமும் அந்த மச்சத்தை வரைவார்களாம்.

நான் அக்காவிடம் சொன்னபோது அவள் அண்டாப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மறைஞ்சு கிடந்ததை ஊருக்கே விரல் நீட்டிக் காட்டப் போறாங்களே, சின்னவளே."

"அக்கா, உன் கையில அது வெளிறிப்போய்க் கிடக்கு. படத்துல கரியா இருக்காம். யாருக்குத் தெரியும்?"

"இடம் ஒண்ணுதானே? உருவம் ஒண்ணுதானே? பதினாறு வருஷமா இந்தக் கையால போட்டதைத் தின்னவருக்குத் தெரியாதா?"

அன்று சாயங்காலமே அக்கா எங்கள் இரண்டு பேருடைய பெட்டிகளையும் துடைத்து, மாற்றுத்துணி வைத்து, என் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். "போன்னு சொல்லும்போது துணி தேடிக்கிட்டு நிக்கக் கூடாது பாரு" என்றாள். எங்கே போவது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அவள் கட்டைவிரலில் ஒரு துணிக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு திரிந்தாள். "என்ன அது?" என்றார் அத்தான். "சூடு பட்டுடுச்சுங்க." ஒரு மாதம் கழித்து, "இன்னுமா ஆறல?" என்றார். அன்றைக்குக் கிழிசலை அவிழ்த்தாள். அப்புறம் கையைப் பாவாடை மடிப்பில் ஒளித்தாள். சாப்பாடு போடும்போது கரண்டியைத் தலைகீழாகப் பிடித்தாள். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அத்தானின் கண் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் கண் தட்டைத் தாண்டி எங்கேயும் போகவில்லை. அது எனக்குத் தைரியம் கொடுத்தது. அக்காவுக்குக் கொடுக்கவில்லை.

பிறகு சுவரொட்டி வந்தது. சலவைக்கூடத்துக்கு எதிர்ச்சுவரிலேயே ஒட்டினார்கள். முகமே இல்லை. ஆள் உயரத்துக்கு ஒரு கை, அதில் தோசைக்கல் மாதிரி ஒரு கறுப்பு வட்டம், கீழே 'இந்தக் கை யாருடையது?' என்று எழுத்து. அக்கா அதைப் பார்த்துவிட்டுக் கூடத்துக்குள் வந்து வாந்தி எடுத்தாள். அத்தான் தினமும் அதற்கு முன்னால்தான் வண்டியை நிறுத்துவார். குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே ஒரு நாள் அதை நின்று நிதானமாகப் பார்த்தார். நான் ஜன்னல் வழியாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் இஸ்திரிப் பெட்டிக்குக் கீழே ஒரு காலர் கருகியது.

படம் வெளிவந்த வாரம் முதலாளி கூடத்து ஆட்கள் எல்லாருக்கும் இலவச டிக்கெட் கொடுத்தார். நாம் கஞ்சி போட்ட சட்டை திரையில் வருகிறதாம், எல்லாரும் பார்க்க வேண்டுமாம். அத்தான் மூன்று டிக்கெட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

"தலை வலிக்குதுங்க. நீங்க போயிட்டு வாங்க" என்றாள் அக்கா.

"மத்தியானம் காத்தாடப் போனா வலி தானா போகும். பாக்கறதுல என்ன தப்பு? ஆடறவங்களுக்குத்தான் மானம் போகும், பாக்கறவங்களுக்கு என்ன?"

படக்கொட்டகையில் எங்களுக்கு முன்வரிசைப் பெஞ்சு. மெத்தை நாற்காலிகள் பின்னால் உயரத்தில் இருந்தன. காதலைத் தள்ளி உட்கார்ந்து பார்க்கப் பணம் வேண்டும். எங்கள் மாதிரி ஆட்கள் கழுத்தை ஒடித்துக்கொண்டு கிட்டேயிருந்து பார்க்க வேண்டும். நடுவில் அத்தான், அவருக்கு அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் நான். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, எழுத்து வரும்போதெல்லாம் உரக்கப் படித்தார்; இன்னொருவர் காட்சிக்குத் தகுந்தபடி பியானோ வாசித்தார். எனக்கு ஒரு எழுத்தும் மண்டையில் ஏறவில்லை. அந்த விரிப்பு எப்போது வரும் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தது. வெள்ளை விரிப்பு, அதைத் தாண்டி அக்காவின் கை. எங்கள் வீட்டுக் கதவைவிடப் பெரிது. ஒவ்வொரு கணுவும், ஒவ்வொரு வெடிப்பும், நடுவில் அந்தக் கறுப்பும். நாயகன் அதைக் கன்னத்தில் வைத்தான். கை நடுங்க ஆரம்பித்தது. பியானோக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார். அத்தனை பெரிய கொட்டகையில் மூச்சுச் சத்தம் இல்லை. அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, சொந்தக் கையை உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கும் தொடைக்கும் நடுவில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

அத்தானிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. செருமல்தான் என்று நினைத்து எனக்குப் பாதி உயிர் போயிற்று. பார்த்தால், அவர் அழுகிறார். எங்கள் அத்தான்! கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

"நடுங்குது பாரு" என்று அக்காவின் காதருகே சொன்னார். "எவ்வளவு ஆசை இருந்தா ஒரு கை இப்படி நடுங்கும்? முகம் பொய் சொல்லும். கை சொல்லாது."

அக்கா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள்.

படம் முடிந்து வெளியே வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. அத்தான் வழி நெடுக அதே பேச்சு. "அந்தப் பொண்ணு எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும்! அந்தக் கையப் பாத்தீங்களா? துணியத் துவைச்சுத் துவைச்சு எப்படி ஆயிருக்கு, பாவம்." எனக்குச் சிரிப்பும் வந்தது, உயிரும் வந்தது. தப்பித்தோம் என்று அவர் முதுகுக்குப் பின்னால் அக்காவுக்குக் கண் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ஏழு மாதமாகக் கடவுளிடம் கெஞ்சிக் கேட்டது கிடைத்துவிட்டது, அவருக்குத் தெரியாமல் போகட்டும் என்று கேட்டாளே, தெரியாமலே போய்விட்டது. அதைப் பெற்றுக்கொண்டவளின் முகம் அப்படியா இருக்கும்? எனக்கு வேறு ஒரு பயம் பிடித்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்து அத்தான் கோட்டைக் கழற்றி மாட்டினார். அக்கா ஜன்னலோரம் போய் நின்றாள்.

"அது என் கைங்க" என்றாள்.

"எது?"

"படத்துல வந்தது."

அத்தான் வாய்விட்டுச் சிரித்தார். நல்ல மனநிலையில் இருந்தார் அல்லவா? "எங்க, காட்டு" என்று அவள் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார், துணியில் கறை பார்ப்பதுபோல. "இதுவா? இது இருக்கா இல்லையான்னே தெரியல, லேசாச் சிவந்திருக்கு. அது கரிக்கட்டை மாதிரி இருந்துச்சு. அதுவும் அது எப்பேர்ப்பட்ட கை!"

"எப்பேர்ப்பட்ட கைங்க?"

"அது ஆசைப்பட்ட கை. நமக்கெல்லாம் அது வருமா?"

"அக்கா சும்மா விளையாடறா அத்தான்" என்று நான் தேவைக்கு அதிகமாகச் சிரித்தேன். "தண்ணி சுட வைக்கட்டுமா?"

"அன்னைக்கு நீங்க அரை மணி முன்னாடியே வந்துட்டீங்க" என்றாள் அக்கா. "மணிச் சத்தம் கேட்டுச்சு. அப்போ என் கை அவர் கன்னத்துல இருந்துச்சு."

அத்தான் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அவர் கைக்குள் அவள் கை இருந்தது. சொல்லி முடித்தபிறகுதான் அக்காவுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது புரிந்திருக்க வேண்டும். அவளுடைய விரல் நுனிகள் நடுங்க ஆரம்பித்தன. பிறகு கை முழுவதும். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் திரையில் கதவு அகலத்துக்கு அத்தான் பார்த்து அழுத அதே நடுக்கம்.

அத்தான் கையைப் பார்த்தார். சிரிப்பு அவர் முகத்தில் மறந்துபோய் அப்படியே நின்றது. தழும்பை வைத்து அவர் கண்டுபிடிக்கவில்லை, நடுக்கத்தை வைத்துக் கண்டுபிடித்தார். எனக்குக் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டிகள்தான் ஞாபகம் வந்தன. அவர் செருமப் போகிறார், செருமப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"அப்போ இந்த நடுக்கம்..." என்றார். குரல் எழும்பவில்லை. "அவன்மேல ஆசையிலயா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன்.

"இல்லீங்க. பயத்துல. உங்களுக்குப் பயந்து."

"எனக்கா?" அவர் என் பக்கம் திரும்பினார். "சின்னவளே, நீ சொல்லு. எனக்கா?"

ஒரு பொய் சொல்ல எனக்கு இரண்டாவது தடவை வாய்ப்புக் கிடைத்தது. வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

"இத்தனை வருஷமாவா?"

"ஆமாங்க" என்றாள் அக்கா.

அவர் அவள் கையை மெதுவாக ஜன்னல் கட்டைமேல் வைத்துவிட்டு, தானே போய்ப் பானையிலிருந்து தண்ணீர் எடுத்துக் குடித்தார். எங்களை யாரும் போகச் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து வீட்டில் அவர் குரல் தாழ்ந்தது. "இங்க உக்காரட்டுமா?" என்று தன் சொந்த நாற்காலியைக் காட்டிக் கேட்டார். அது எங்களை இன்னும் மிரட்டியது. செருமினால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். இதற்கு என்ன செய்வது?

ஒரு மாதம் போயிருக்கும். வேலையிலிருந்து வந்தவர், அக்காவுக்கு முன்னால் நின்று கையை நீட்டினார். கேட்டால் மறுக்கத் தெரியாதவள், கொடுத்தாள். கை நடுங்கியது. அவர் அதைக் கன்னத்தில் வைக்கவில்லை, இறுக்கவும் இல்லை. நடுக்கம் நிற்கட்டும் என்று பிடித்துக்கொண்டு நின்றார். நிற்கவில்லை. விட்டுவிட்டுப் போய்ச் சட்டையைக் கழற்றினார். மறுநாளும் வந்து நீட்டினார்.

அப்படிப் பத்தொன்பது வருஷம், அவர் சாகிற வரைக்கும், தினமும். சில நாள் குறைவாக நடுங்கும், சில நாள் அதிகமாக. ஒரு நாளும் முழுசாக நின்றதில்லை.